உயரப் பந்தெல்லாம் ஐசக்குக்கு

செவ்வாய்க்கிழமை காலை எட்டேகால் மணி. மும்பையில் காட்கோபர் ஸ்டேஷன் பாலத்தின் மேல் கூட்டத்தோடு நகர்ந்துகொண்டிருந்தேன். சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால் ஐசக்கின் மகள் பெனிட்டா. அந்தப் பெண் காலையில் கூப்பிடுகிறவள் அல்ல. கம்பியோரம் ஒதுங்கி நின்று எடுத்தேன். "அங்கிள், டாடி போயிட்டாங்க," என்றாள். அதற்குமேல் அவளுக்குத் தமிழ் வரவில்லை. டீ கொடுக்கப் போனபோது மூச்சு இல்லை என்பதை இந்தியில் சொன்னாள். மம்மி அழவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் இந்தியில்தான் சொன்னாள். உடனே வருகிறேன் என்று சொல்லிவிட்டு, எதிரே வந்த அத்தனை கூட்டத்தையும் இடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தேன்.

ஐசக் ஞானதுரை அவர்களுக்கு ஐம்பத்து மூன்று வயது. தாராவியில் பிறந்தவர். எங்கள் அலுவலகக் கால்பந்து அணியில் நான்கு ஆண்டுகளும், மாலத்தீவில் ஒரு கிளப்பில் எட்டு ஆண்டுகளும் தடுப்பாட்டக்காரராக ஆடினார். இங்கே பத்திரிகைகளில் அவர் பெயர் வந்ததாக எனக்கு நினைவில்லை. மாலே நகரத்து மீன் சந்தையில் அவரோடு நடந்துபோனால் பத்தடிக்கு ஒருவர் நிறுத்திக் கை கொடுப்பார். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

என் பெயர் மணி. அந்த நான்கு ஆண்டுகளும் அவருக்குப் பின்னால் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவன். மாட்டுங்காவில் வளர்ந்து இப்போது செம்பூரில் இருக்கிறேன். தமிழ்ச் சங்க மலருக்கு அப்பாவைப் பற்றி நீங்கள்தான் எழுதவேண்டும் என்று பெனிட்டா கேட்டாள். அவள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். எழுதி முடித்ததும் குரலில் பதிவுசெய்தும் அனுப்பச் சொல்லியிருக்கிறாள். ஐசக்கின் மனைவி மெர்சியிடம் அனுமதி கேட்டேன். அவர் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. இப்படிச் சொன்னார்:

"எழுதுங்கண்ணே. ஆனா நல்லத மட்டும் பொறுக்கி எழுதாதீங்க. மாலேயில நடந்ததையும் எழுதுங்க."

ஆகவே அதையும் எழுதுகிறேன்.

ஐசக்கின் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் ஒரு தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். அவர்கள் குடியிருந்த சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வாசற்படியில் ஏறி நின்று வழிவிட வேண்டும். நடுவில் திறந்த சாக்கடை. அங்கே பந்தை உதைத்தால் ஏதாவது ஒரு வீட்டுக் கதவில் படும்; உள்ளேயிருந்து வசவு வரும். கீழே விட்டால் சாக்கடையில் விழும். விட்டவன்தான் கையைவிட்டு எடுக்கவேண்டும். அதனால் பிள்ளைகள் பந்தைத் தலையாலேயே தட்டி ஒருவரிடமிருந்து ஒருவருக்கு அனுப்புவார்களாம். காலால் ஆடக் கற்றுக்கொள்வதற்கு முன்பே தலையால் ஆடக் கற்றுக்கொண்டதாக ஐசக் சொல்வார். "கைய நாறவிடக் கூடாதுங்கிற பயத்துல வந்த வித்தைலே இது," என்பார்.

எங்கள் அலுவலகம் விளையாட்டுக்காரர்களுக்கு வேலை கொடுத்த காலம் அது. மாட்டுங்காவில் ஒரு மைதானத்தில் தேர்வு நடந்தது. நல்ல மழை. கணுக்கால் வரை சேறு. மெலிந்து, கழுத்து மட்டும் தடித்திருந்த ஒருவர் கோல் பகுதிக்கு முன்னால் நின்று, வந்த பந்தையெல்லாம் நெற்றியால் நடு மைதானத்துக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். எங்கள் பயிற்சியாளர் குடைக்குள் நின்றபடியே அவர் பெயரைக் குறித்துக்கொண்டார். அப்படித்தான் ஐசக் எங்கள் அணியின் ஸ்டாப்பர் பேக் ஆனார். கோலுக்கு நேர் முன்னால் நின்று, எதிரணியின் நடு முன்கள ஆட்டக்காரரை மறிப்பது அவர் வேலை.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மைதானத்தின் ஓரத்திலிருந்து கோல் முன்னால் உயரமாக வந்து இறங்கும் பந்துக்குக் கோல்கீப்பர் கோட்டை விட்டு வெளியே ஓடி, கூட்டத்துக்கு மேல் எழும்பிக் கையால் பிடிக்கவேண்டும். "கீப்பர்!" என்று கத்தினால் அது என் பந்து, மற்றவர்கள் விலகுங்கள் என்று பொருள். கல்லூரியில் ஆடியபோது அப்படி வெளியே போய் ஒருவரோடு மோதி என் கழுத்துப் பட்டை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. பயம் போகவில்லை. கோட்டில் நின்று தடுப்பதில் நான் கெட்டிக்காரன் என்பதால் யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

ஐசக் முதல் ஆட்டத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். அன்று இரண்டு முறை நான் வெளியே போக வேண்டிய பந்துக்குப் போகவில்லை. இரண்டையும் அவர் ஓடிவந்து தலையால் வெளியேற்றினார். ஆட்டம் முடிந்து குழாயடியில் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தோம். வேறு யாரும் அருகில் இல்லை.

"ஏல மணி, உனக்கு வெளிய வரப் பயமா?"

நான் குனிந்து காலுறையைப் பிழிந்தேன். அவர் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை.

"சரி, வரவேண்டாம். நீ கோட்டுலயே நில்லு. உயரத்துல வர்றது பூரா எனக்கு. எம்பேர மட்டும் சொல்லு, போதும்."

நான்கு ஆண்டுகள் அப்படியே நடந்தது. பந்து ஓரத்திலிருந்து எழும்பும்போது நான் "ஐசக்!" என்று கத்துவேன். அவர் எழும்புவார். நெற்றியில் பந்து படும் சத்தம் எனக்குக் கேட்கும். நனைந்த தோல் பந்து அந்தக் காலத்தில் நல்ல கனம். ஒவ்வொரு ஆட்டத்திலும் எத்தனை முறை அவர் பெயரைச் சொன்னேன் என்று நான் எண்ணியதில்லை. அலுவலகத்தில் என்னை நல்ல கோல்கீப்பர் என்றார்கள். நானும் கேட்டுக்கொண்டேன்.

ஒருமுறை எதிரணிக்காரரின் தலையும் அவர் தலையும் மோதி ஐசக் கீழே விழுந்தார். எழுந்து கோட்டுக்கு வெளியே போய் வாந்தியெடுத்தார். முகத்தைக் கழுவிவிட்டுத் திரும்ப வந்து ஆடினார். வி.டி. ஸ்டேஷனிலிருந்து ரயிலில் திரும்பும்போது, "தாதர் வந்துட்டா?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை பெட்டியில் இருந்த எங்கள் அணி முழுவதும் சிரித்தது. அவரும் சிரித்தார். அடுத்த நாள் பயிற்சிக்கு வந்துவிட்டார். அந்தக் கதையை நானே பல விருந்துகளில் நடித்துக் காட்டியிருக்கிறேன். அப்போது அது எங்களுக்குச் சிரிக்கக்கூடிய விஷயமாக இருந்தது என்பதைத் தவிர வேறு சமாதானம் என்னிடம் இல்லை.

அவருடைய இருபத்தாறாவது வயதில் கேரளத்தில் ஒரு போட்டிக்குப் போனோம். மாலத்தீவிலிருந்து வந்திருந்த ஒரு கிளப்பின் செயலாளர் எங்கள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ஐசக்கைத் தேடி விடுதிக்கே வந்தார். ஒரு பருவம் ஆடிப் பார்க்கட்டும், பிடித்திருந்தால் நீட்டித்துக்கொள்ளலாம் என்றார். மும்பை திரும்பியதும் ஐசக் நீண்ட விடுப்புக் கேட்டு எழுதிக்கொடுத்தார். வேலையை விட்டால் போகலாம், விடுப்பில் போகமுடியாது என்று பதில் வந்தது.

நிரந்தர வேலை. அடையாள அட்டையும் மருத்துவ வசதியும் உள்ள வேலை. அவர்கள் சந்தில் அப்படியொரு வேலைக்குப் போன முதல் ஆள் ஐசக். அதை விட்டுவிட்டுக் கடலுக்கு நடுவே பந்து விளையாடப் போகிறேன் என்று சொன்னபோது அவருடைய அப்பா பேச்சை நிறுத்திக்கொண்டார். ஐசக் மாலத்தீவுக்குக் கிளம்பிய நாளன்றுகூடப் பேசவில்லை. அலுவலகத்தில் எல்லோரும் புத்தி சொன்னோம். அதிகம் சொன்னவன் நான். அவர் போய்விட்டால் உயரப் பந்துக்கு யார் என்ற கவலை எனக்கு.

அப்போது ஐசக்குக்கும் மெர்சிக்கும் திருமணமாகி எட்டு மாதம்தான். போக வேண்டாம் என்று அவர் சொன்னால் ஐசக் நின்றுவிடுவார் என்று நாங்கள் எல்லோரும் மெர்சியை நம்பியிருந்தோம். அவர் கணவரிடம் சொன்னதை ஐசக்கே என்னிடம் சொன்னார்: "போங்க. இங்க இருந்தா வாரம் பூரா ஃபைல் தூக்கிக்கிட்டு, மேட்ச் அன்னைக்கு மட்டும் ஆளா இருப்பிய. எனக்கு எல்லா நாளும் அந்த ஆளு வேணும்."

விமான நிலையத்தில் இறங்கியவுடன் பூர்த்திசெய்யும் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'கால்பந்து ஆட்டக்காரர்' என்று எழுதினாராம். எழுதும்போது அதிகாரி ஏதாவது கேட்பார் என்று பயந்ததாகவும், அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முத்திரை குத்தி அனுப்பிவிட்டதாகவும் முதல் போனில் சொன்னார். அவ்வளவு சந்தோஷமான குரலை அவரிடம் நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஒரு பருவம் என்று போனவர் எட்டு ஆண்டுகள் ஆடினார். பருவம் முடிந்ததும் ஆண்டுக்கொருமுறை மும்பை வந்துபோவார். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. அன்று முதலில் மெர்சிக்கும் பிறகு எனக்கும் போன் வரும். செயற்கைப் புல்லில் விழுந்தால் முழங்கால் தோல் உரிந்து போகிறது என்பார். தினமும் சூரை மீன், தினமும் சூரை மீன் என்று சலித்துக்கொள்வார். மறுவாரமே அதில் ஒரு குழம்பின் பக்குவம் சொல்வார். 'விடு', 'எனக்கு', 'பின்னால் ஆள்' என்ற மூன்றையும் அவர்கள் மொழியில் கற்றுக்கொண்டபின் பயமில்லாமல் போயிற்று என்றார். இரண்டாம் ஆண்டில் அவரைத் துணைத் தலைவராக்கினார்கள். மூன்றாம் ஆண்டில் அவருடைய அணி இறுதி ஆட்டத்துக்குப் போயிற்று.

அந்த ஆட்டத்தைப் பார்க்க வீட்டிலிருந்து ஒருவரை அழைத்துக்கொள்ளலாம் என்று கிளப் சொல்லியது. மெர்சிக்கு அப்போது ஏழாம் மாதம், வயிற்றில் பெனிட்டா. அவரால் பயணம் செய்ய முடியாது. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஊறுகாய், முறுக்கு, பருப்புப் பொடி என்று ஒரு பெட்டியைக் கட்டி வைத்திருந்தார். அதைக் கொடுக்கும்போது சொன்னார்:

"அண்ணே, நீங்க போயி நேர்ல பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லணும். போன்ல எதக் கேட்டாலும் நல்லாயிருக்கேன்னுதான் சொல்லுதாவ. தலைவலி மாத்திர அடிக்கடி போடுதாவளோன்னு எனக்கு ஒரு சந்தேகம்."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

இறுதி ஆட்டத்தன்று மழை. அரங்கத்தின் ஓரத்தில், எதிரணிக் கோலுக்குப் பின்னால் எனக்கு இடம் கிடைத்தது. முதல் பாதியில் ஒரு மூலை உதைக்கு ஐசக் முன்னால் வந்தார். நான்கு ஆண்டுகள் அவருடைய முதுகையும் பிடரியையும் மட்டுமே பார்த்து ஆடியவன் நான். பந்துக்கு எழும்பும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பந்து நெருங்கியபோது அவர் கண்களை இறுக்கி மூடினார். பற்களைக் கடித்தார். ஊசி போடும் நேரத்தில் ஒருவர் முகம் எப்படிச் சுருங்குமோ அப்படிச் சுருங்கிற்று. பந்து பட்டதும் திறந்து, ஒன்றும் நடக்காததுபோல் ஓடினார். அதன்பின் ஒவ்வொரு பந்துக்கும் அந்த முகத்தையே தேடிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அப்படித்தான்.

இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் எதிரணிக்காரரின் முழங்கை அவர் பொட்டில் பட்டது. விழுந்தார். நெடுநேரம் எழவில்லை. பிறகு எழுந்து, கையை உயர்த்திக் காட்டி, கடைசி நிமிஷம் வரை ஆடினார். ஒரு கோல் வித்தியாசத்தில் அவர் அணி ஜெயித்தது. தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் உடைமாற்றும் அறைக்குப் போனபோது, பெஞ்சில் துண்டைப் போர்த்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்தில் உட்காரச் சொல்லி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"மணி, எத்தன கோலு?"

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை. இடைவேளைக்குப் பிறகு நடந்த எதுவும் அவருக்கு நினைவில்லை. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். இப்படி இதற்கு முன்னும் இரண்டு தடவை ஆகியிருக்கிறது, மறுநாள் சரியாகிவிடும் என்றார். கண்ணை மூடிக்கொள்கிறாயே, பயமா என்று கேட்டேன்.

"பயமில்லாம எவன்ல தலையக் குடுப்பான்? மொத நாள்லயிருந்தே பயந்தான்."

அந்தப் பதில் என் காதில் விழுந்த வேகத்தை இன்றுவரை என்னால் விளக்க முடியவில்லை. எனக்கும் பயம், அவருக்கும் பயம். என் பயத்தை அவர் எடுத்துக்கொண்டார். அவருடைய பயத்தை எடுத்துக்கொள்ள யாரும் இல்லை.

பிறகு அவர் என் கையைப் பிடித்தார். மெர்சியிடம் இதைச் சொல்லக் கூடாது என்றார். சொன்னால் திரும்ப வரச் சொல்லுவாள், புள்ளைத்தாச்சியைப் பயமுறுத்தக் கூடாது, அடுத்த ஆண்டு கேப்டன் ஆக்கப்போகிறார்கள் என்றார். நான் சரி என்றேன்.

மும்பை வந்திறங்கி நேரே தாராவிக்குப் போனேன். மெர்சி வாசலிலேயே நின்றிருந்தார். "நல்லா இருக்கான். ஜெயிச்சிட்டான். ஒரு குறையுமில்ல," என்றேன். மெர்சி ஜெபம் செய்துவிட்டு எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். அந்தக் காப்பியை நான் முழுவதும் குடித்தேன்.

ஐசக் கேப்டன் ஆனார். இன்னும் ஐந்து ஆண்டுகள் ஆடினார். முப்பத்து நான்காவது வயதில் முழங்கால் ஒத்துழைக்காமல் திரும்பி வந்தார். அந்தத் தீவுக்காரர்கள் படகுத்துறைவரை வந்து வழியனுப்பினார்கள் என்று சொன்னார். இங்கே பழைய அலுவலகத்தில் அவருக்கு இடமில்லை. அப்பா காலமாகியிருந்தார். கடைசிவரை அவர் மகனிடம் பேசவில்லை. ஆனால் மாலேயிலிருந்து வந்த போட்டோக்களை மருமகளிடம் கேட்டு வாங்கிப் பார்ப்பார் என்பது மெர்சி சொல்லித்தான் ஐசக்குக்குத் தெரிந்தது. சில ஆண்டுகள் பள்ளிகளில் பயிற்சி கொடுத்தார். பிறகு ஐரோலியில் ஒரு கம்பெனியின் உடற்பயிற்சிக் கூடத்தைக் கவனிக்கும் வேலை கிடைத்தது. மகளோடு ஞாயிற்றுக்கிழமைகளில் பந்து ஆடுவார். அவள் தலையால் தட்டப் போனால் மட்டும் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஆட்டத்தை நிறுத்திவிடுவார். ஏன் என்று அவளும் கேட்டாள், நானும் கேட்டேன். சொல்லவில்லை.

நாற்பத்தைந்து வயதில் தொடங்கியது. முதலில் பெயர்கள் போயின. பிறகு கோபம் வந்தது; அதற்கு முன் அவர் குரலை உயர்த்திப் பேசி அந்த வீடு கேட்டதில்லை. ஒருநாள் காலை பதினொரு மணிக்கு எனக்குப் போன் செய்தார். மும்பைக்கு வடக்கே, தானே என்ற ஊரின் ஸ்டேஷனில் இருந்தார். எட்டு வருஷமாக அங்கேதான் வண்டி மாறி ஐரோலிக்குப் போய்க்கொண்டிருந்தவர்.

"மணி, எல்லாரும் வேற வேற பக்கம் போறாங்கல. நான் எந்தப் பக்கம்?"

நான் போய்ச் சேரும்வரை அதே பெஞ்சில் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூளையைப் படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், இந்த வயதில் இப்படிச் சுருங்கக் கூடாது என்றார். என்ன வேலை பார்த்தார் என்று கேட்டார். மெர்சி சொன்னதும் பேனாவை மேசையில் வைத்தார். பந்தை முட்டியதால்தான் என்று என்னால் எழுதித் தரமுடியாது, இல்லை என்றும் சொல்லமாட்டேன் என்றார். தலையில் அடிபட்டு நினைவு தப்பியது உண்டா என்ற கேள்விக்கு மெர்சி, எனக்குத் தெரிந்து இல்லை டாக்டர் என்று பதில் சொன்னார். நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன்.

வெளியே வராந்தாவில் வைத்து மெர்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உடைமாற்றும் அறை, இரண்டாம் பாதி, அதற்கு முன் இரண்டு தடவை, நான் கொடுத்த வாக்கு. வராந்தாவின் கோடியில் பெனிட்டா அப்பாவின் செருப்பு வாரை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா நான் கூட்டிட்டு வந்திருப்பேன். இன்னும் அஞ்சு வருஷம் ஆட விட்டிருக்க மாட்டேன்," என்றார் மெர்சி. கொஞ்சம் கழித்து, "நான் உங்கள நம்பித்தான அனுப்புனேன்," என்றார்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. போன் செய்தால் பெனிட்டா எடுப்பாள். டாடி தூங்குகிறார் என்பாள். நான் வற்புறுத்தவில்லை. மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பெனிட்டாவே கூப்பிட்டாள். "அங்கிள், டாடிக்கு ரெண்டு வாரமா தலைக்குக் குளிப்பாட்ட முடியல. கை பக்கத்துல வந்தாலே பயப்படுறாங்க. மம்மியத் தள்ளிட்டாங்க. நீங்க வர முடியுமா?"

போனேன். அவர்கள் அப்போது குடிசைவாசிகளுக்காகக் கட்டிய மறுகுடியேற்றக் கட்டடம் ஒன்றில் ஏழாவது மாடியில் இருந்தார்கள். ஐசக் குளியலறையில் ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டிருந்தார். மெர்சியின் முன்கையில் இரத்தம் கட்டியிருந்தது. செம்பைத் தூக்கினால் போதும், ஐசக் கண்களை இறுக்கி மூடி உடம்பைக் குறுக்கினார். அந்த முகத்தை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். இத்தனை வருஷம் கழித்து எல்லா மறதிக்கும் நடுவே அது மட்டும் அப்படியே இருந்தது.

என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கால்சட்டையை மடித்துவிட்டு உள்ளே போய் அவருக்கு முன்னால் நின்றேன். என் வாயிலிருந்து தானாக வந்தது.

"கீப்பர்!"

மைதானத்தில் ஒருமுறைகூட நான் அவரிடம் சொல்லாத சொல். அவர் கண்ணைத் திறந்தார். என்னைத் தெரிந்துகொண்டாரா என்று சொல்ல முடியாது. கைகளை எடுத்தார். தலையைக் குனிந்து கொடுத்தார். நான் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினேன். மெர்சி பின்னாலிருந்து சீயக்காய்ப் பொடியை நீட்டினார்.

அதன்பின் ஞாயிறுதோறும் போனேன். ஏழு ஆண்டுகள் என்று சொல்லலாம். அந்தச் சொல் எல்லா வாரமும் பலித்துவிடவில்லை. சில வாரம் என்னை அடித்தார். சில வாரம் அழுதார். ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் திரும்பிய வாரங்கள் நிறைய. மெர்சி முதலில் தேவைக்கு மட்டும் பேசினார்: தண்ணி சூடா இருக்கு, துண்டு அங்க இருக்கு. மூன்றாம் மாதமோ நான்காம் மாதமோ, நான் கிளம்பும்போது, "சாப்பிட்டுட்டுப் போங்க," என்றார். அண்ணே என்று கூப்பிட இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று. என்னை மன்னித்துவிட்டேன் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

கடைசி ஒரு வருஷம் ஐசக் பேசவில்லை. சாப்பாட்டை விழுங்குவதும் சிரமமாயிற்று. இறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் தலை துவட்டிவிட்டபோது துண்டுக்குள்ளேயே தூங்கிப்போனார். அதுதான் நான் கடைசியாகப் பார்த்தது.

செவ்வாய்க்கிழமை மாலை அடக்கம். பழைய அணியில் மும்பையில் மிச்சமிருந்த ஆறு பேரும் வந்துவிட்டோம். மாலேயிலிருந்து மூன்று பேர் போனில் கூப்பிட்டு, என்ன பேசுவதென்று தெரியாமல் பெனிட்டாவிடம் அழுதார்கள். பாதிரியார் வீட்டில் ஜெபம் செய்து முடித்தார். பெட்டியை மூடினார்கள். அப்போதுதான் தெரிந்தது, கட்டடத்தின் லிஃப்ட் சிறியது; பெட்டி உள்ளே போகாது. ஏழு மாடியும் படியில் இறங்க வேண்டும்.

நாங்கள் ஆறு பேரும் தூக்கினோம். எல்லோருக்கும் ஐம்பதைத் தாண்டிய வயது. இருவருக்கு முழங்கால் மாற்று ஆகியிருக்கிறது. படி குறுகல். ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் திறந்து, ஜனங்கள் செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு நின்றார்கள். திருப்பத்தில் பெட்டியைச் சாய்க்காமல் திருப்ப முடியவில்லை. ஐந்தாவது மாடித் திருப்பத்தில் பெட்டியின் தலைப்பக்கம் சுவரில் லேசாக உரசிற்று.

பின்னால் வந்துகொண்டிருந்த மெர்சி அதைக் கேட்டுவிட்டார். எங்களை நிற்கச் சொல்லி, கைப்பிடிக் கம்பியோரமாக நுழைந்து தலைப்பக்கத்துக்கு வந்தார். பெட்டியின் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். "இப்ப எறக்குங்க. மெல்ல. தலை... தலைய மட்டும் பாத்துக்கிடுங்க," என்றார். அடுத்த திருப்பத்திலும் அப்படியே கையைக் கொடுத்தார். அதற்கடுத்ததிலும். சுவர் சொரசொரப்பு. கீழே தெருவுக்கு வந்து பெட்டியை வண்டியில் ஏற்றியபோது அவருடைய புறங்கை முழுவதும் சுண்ணாம்பு. நடுவில் தோல் உரிந்து இரத்தம் கசிந்திருந்தது. பெனிட்டா கைக்குட்டையை நீட்டினாள். மெர்சி வாங்கிக்கொள்ளவில்லை. அந்தக் கையோடேயே கல்லறைத் தோட்டம் வரை வந்தார். அந்தக் கையாலேயே முதல் பிடி மண்ணைப் போட்டார்.

இதுவரை உன்னை 'அவர்' என்று எழுதிக்கொண்டு வந்தேன், ஐசக். அச்சில் வருவதற்கு அதுதான் மரியாதை. நீயும் நானும் அப்படிப் பேசிக்கொண்டதில்லை. நல்லாத் தூங்குடா.